கேட்பாரற்ற கடிகாரங்கள்

கேரள எல்லையில் உள்ள மீனாட்சிபுரத்தில் ஒரு தென்னந்தோப்பு. அதன் மோட்டார் அறைச் சுவரில் உள்ளங்கை அகலமுள்ள ஒரு பலகைக் கணினி சில காலமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கிணற்றின் நீர்மட்டத்தை ஒலியலையால் அளந்து, அளந்த நேரத்தோடு எழுதி வைப்பது அதன் வேலை. அதில் ஓடும் லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மைய நிரல், நான் தொகுத்துப் போட்டது. பலகை எழும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியின் கடைசியில் ‘சிஎல்கே இக்னோர் அன்யூஸ்டு’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘யாரும் பயன்படுத்தாத கடிகாரங்களை அப்படியே விட்டுவிடு’ என்று கெர்னலுக்குச் சொல்லும் சொல் அது. அது இருந்தால் பலகை எழுகிறது. அதை எடுத்துவிட்டால் எழுகிற வழியிலேயே உறைந்துபோகிறது. எந்தக் கடிகாரம், அது யாருக்காக ஓடுகிறது என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. தோப்புக்காரப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, “அதான் ஓடுதில்ல தம்பி, அப்பறம் என்ன கொறைங்கறே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு விவசாயிக்கு மோட்டார் ஓடுவதும் ஓடாததும்தான் செய்தி. ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில்கள் எதுவும் எனக்கே போதவில்லை. ஓடுகிற ஒன்றில் என்ன குறை இருக்க முடியும் என்பதைத்தான் இந்தப் பக்கங்களில் சுற்றிச்சுற்றி வந்து பார்க்கிறேன்.

தானே கெர்னல் தொகுக்கும் வேலைக்கு யாரும் பொழுதுபோக்காக இறங்குவதில்லை. பலகையோடு வந்த கெர்னல் பழையது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயிருந்தன. அதைவிட முக்கியமாக, நேரத்தைக் காக்கும் சில்லுக்கான டிரைவர் அதில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. இத்தகைய சிறு பலகைகள் பலவற்றில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால், இணைய இணைப்பும் இல்லாவிட்டால், அவற்றுக்கு இன்றைய தேதி தெரியாது. யூனிக்ஸ் மரபில் காலம் தொடங்கும் 1970 ஜனவரி 1க்கே பலவும் திரும்பிப் போய் நின்றுகொள்ளும். கிணற்றுக்கு இது பெரிய சேதம். கால்வாயில் தண்ணீர் விட்ட இரண்டொரு நாளில் கிணறு ஏறும் என்பது பெரியவரின் வாழ்நாள் அனுபவம். அதை எண்களில் பார்க்கத்தான் இந்தப் பலகையே. தேதி பிசகினால் அளந்ததெல்லாம் வெறும் எண். அதிலும் இந்த ஊரில் தண்ணீருக்கும் தேதிக்கும் உள்ள உறவு சட்டத்தால் கட்டப்பட்டது. அதே 1970ஆம் ஆண்டு மே 29இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, சித்தூர்ப் புழைப் பாசனத்துக்காக மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். ஆண்டு என்றால் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அந்தத் தண்ணீர் மூலத்தரையில் தடுக்கப்பட்டுக் கால்வாய்களுக்குப் பிரிகிறது. எந்தப் பதினைந்து நாளில் எவ்வளவு வந்தது என்பதை வைத்துத்தான் இரண்டு மாநில அதிகாரிகளும் பேசுகிறார்கள். தேதியில்லாத தண்ணீருக்கு இங்கே கணக்கில் இடம் இல்லை. எனவே ஆண்டுக்கு ஒரு நிமிட அளவே பிசகக்கூடிய டி.எஸ்.3231 என்ற கடிகாரச் சில்லைப் பலகையோடு இணைத்து, அதற்குரிய டிரைவரைச் சேர்த்து, புதிய கெர்னலைத் தொகுத்தேன். மூன்று கோடிக்கும் மேற்பட்ட வரிகள் கொண்ட நிரல் மூலம், ஆயிரக்கணக்கான ஆம்-இல்லைத் தேர்வுகள், லேப்டாப்பின் விசிறி இரைச்சலோடு கழிந்த ஒரு பங்குனி மாதப் பகல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னல் வழியே புழுதியோடு வந்துகொண்டிருந்தது. தொகுப்பு ஒரு பிழையும் காட்டாமல் முடிந்தது. பலகையில் போட்டதும், பலகை எழவில்லை.

எழவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. அது எங்கே நின்றது என்பதே முதல் கேள்வி. திரை இல்லாத பலகையிடம் பேச மூன்று கம்பிகள் போதும்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, தரைக்கு ஒன்று. மறுமுனையில் லேப்டாப், இரண்டுக்கும் நடுவே ஒரு யுஎஸ்பி மாற்றி. வேகத்தை 1,15,200 என்று வைத்தால் எழுத்து எழுத்தாக வரும், வேகம் பிசகினால் குப்பையாகக் கொட்டும். முதலில், கெர்னலை ஏற்றிவிடும் நிரலான யூ-பூட் பேசியது. பிறகு கெர்னல் பேசத் தொடங்கியது. நினைவகம் இவ்வளவு, மையங்கள் இத்தனை, பகுதிகளை இணைக்கும் பஸ்கள் இன்ன இன்ன என்று வரிகள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. டி.எஸ்.3231ஐக் கண்டுகொண்டதாக ஒரு வரி வந்தபோது மனம் துள்ளியது. அதற்கு இரண்டு திரை கீழே, ஒரு வரி முடிந்து அடுத்த வரி வரவே இல்லை. கெர்னல் பேனிக் ஆகியிருந்தால் கத்தியிருக்கும், எந்த முகவரியில் எந்தச் செயல்பாட்டில் விழுந்தேன் என்று பக்கம் பக்கமாகக் கொட்டியிருக்கும். இது அப்படி இல்லை. பிழை என்று எதையும் சொல்லாத நிறுத்தம். இந்த மௌனத்தில் இரண்டு நிலைகள் ஒன்றுபோலத் தெரிகின்றன. கெர்னல் செத்திருக்கலாம். அல்லது கெர்னல் உயிரோடு ஓடிக்கொண்டே, பேசும் வாயை மட்டும் இழந்திருக்கலாம். சீரியல் வாய்க்கும் ஒரு கடிகாரம் உண்டு, அது அறுந்தாலும் இதே மௌனம்தான். பிரித்தறிய, பலகையின் சிறு விளக்கை நாடித் துடிப்பைப் போல இரட்டையாக மினுக்கச் சொல்லும் ‘ஹார்ட்பீட்’ அமைப்பைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துத் தொகுத்தேன். விளக்கு துடித்தது, அதே வரியில் எரிந்தபடி நின்றது. வாய் மட்டும் போகவில்லை, உடலே உறைந்துவிட்டது என்று அப்போது தெரிந்தது. எங்கே உறைந்தது என்பதும் ஒரு துப்பு. கெர்னலுக்குள்ளேயே சேர்த்துத் தொகுத்த டிரைவர்கள் எல்லாம் வந்து அமர்ந்த பிறகு, முதல் பயனர் நிரலைத் தொடங்குவதற்குச் சற்று முன்னால். அந்த இடத்தில் கெர்னல் ஒரு காரியம் செய்கிறது. புதிய பதிப்புகளில் அதைச் செய்யும்போது, பயன்படாத கடிகாரங்களை நிறுத்துகிறேன் என்ற பொருளில் ஒரு வரியும் எழுதுகிறது.

இந்தக் கடிகாரங்கள் மணி காட்டுபவை அல்ல. ஒரு சில்லின் ஒவ்வொரு பகுதியும் இயங்க ஒரு துடிப்பு வேண்டும். பலகையில் 24 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று துடிக்கும். அதைப் பெருக்கி, வகுத்து, பிரித்து, வாயில்கள் வைத்து, நூற்றுக்கணக்கான கிளைகளாக உள்ளே அனுப்புவார்கள். தலைவாய்க்கால், கிளைவாய்க்கால், கடைசியில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு மடை என்று கால்வாய்ப் பாசனத்தில் பழகிய ஊர்க்காரருக்கு இதை வேறு விளக்க வேண்டியதில்லை. கெர்னல் எழும் முன்பே யூ-பூட்டும் அதற்கு முந்திய ஃபர்ம்வேரும் பல மடைகளைத் திறந்துவிட்டிருக்கும். எதை, யாருக்காக என்று எழுதி வைத்துவிட்டுப் போவதில்லை. கெர்னல் வந்து டிரைவர்களை அமர்த்துகிறது. ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தேவையான மடையைக் கேட்டுப் பெறுகிறது. எல்லோரும் கேட்டு முடித்த பிறகு கெர்னல் ஒரு சுற்று வருகிறது. திறந்திருந்தும் யாரும் கேட்காத மடைகளை எல்லாம் அடைக்கிறது. பேட்டரியில் ஓடும் கருவிகளுக்கு இது இன்றியமையாத சிக்கனம். 2012இல் லினக்ஸ் 3.4 பதிப்பில், அதுவரை சில்லுக்குச் சில்லு தனித்தனியாக இருந்த கடிகாரக் கணக்கு ஒரே பொதுச் சட்டகத்துக்குள் வந்தது. இந்தச் சுற்று அந்தச் சட்டகத்தின் வேலை. மின்னழுத்தச் சீரமைப்பிகளுக்கும் இதே விதி உண்டு, அங்கே மட்டும் 30 விநாடி பொறுத்திருந்து அடைக்கிறது. இந்தச் சுற்றில் அடைபட்ட ஏதோ ஒரு மடை, யாரும் வாய்திறந்து கேட்காவிட்டாலும் யாருக்கோ தேவையாக இருந்தது. அடைத்த கணத்தில் பலகை உறைந்தது. மையச் செயலி ஒரு பஸ்ஸிடம் எதையோ கேட்கிறது, துடிப்பில்லாத பஸ் ஒருபோதும் பதில் தராது, செயலி காத்துக்கொண்டே இருக்கிறது. பிழை என்று எழுதக்கூட அதற்கு அடுத்த கணம் வாய்ப்பதில்லை. இதற்கு மாற்றாகத்தான் அந்தச் சொல். அதைக் கொடுத்தால் கெர்னல் அந்தச் சுற்றுக்கே போகாது. கெர்னலின் ஆவணத்திலேயே அந்தச் சொல்லைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்: பிழை தேடவும் மேம்பாட்டுக் காலத்துக்கும் உதவும், முறையான டிரைவர்கள் உள்ள தளத்துக்கு இது தேவைப்படக் கூடாது. மருந்துச் சீட்டிலேயே ‘இது மருந்தல்ல’ என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். பலகை எழுந்தது, தேதி சரியாக இருந்தது, கிணறு அளக்கப்பட்டது.

கெர்னலுக்குக் கண் கிடையாது என்பதை இந்த வேலைக்குள் இறங்கும் வரை இவ்வளவு கூர்மையாக நான் உணர்ந்ததில்லை. மேசைக் கணினியில் செருகும் அட்டைகள் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளும், நான் இன்னார், எனக்கு இன்ன வேண்டும் என்று. என்னுடையதைப் போன்ற, ஏ.ஆர்.எம். வகைச் செயலி கொண்ட பலகைகளில் பெரும்பாலான பகுதிகள் அப்படிப் பேசத் தெரியாதவை. அவை எங்கே இருக்கின்றன, எந்த முகவரியில், எந்தத் துடிப்போடு என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு அதை ஒவ்வொரு பலகைக்கும் தனி நிரலாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குவியலைப் பொறுக்காமல் 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். அதன் பிறகுதான், பழைய ஓப்பன் ஃபர்ம்வேர் மரபிலிருந்து வந்த டிவைஸ் ட்ரீ என்ற விவரப் பத்திரம் ஏ.ஆர்.எம். உலகில் பரவலாக நிலைகொண்டது. 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில், ஒரே கெர்னல் பல வகை ஏ.ஆர்.எம். பலகைகளில் எழும் வழி பிறந்தது. பத்திரம் மட்டும் மாறும், கெர்னல் அதேதான். அழகான ஏற்பாடு. ஆனால் அந்த நாளிலிருந்து கெர்னல் பலகையைப் பார்ப்பதில்லை, பத்திரத்தைப் படிக்கிறது. பத்திரத்தில் ஒரு பகுதிக்கு நேரே ‘டிஸேபிள்டு’ என்று இருந்தால், ஈயம் வைத்து ஒட்டிய சில்லு கண்முன்னே மினுங்கினாலும் கெர்னலுக்கு அது இல்லை. ‘ஓகே’ என்று மாற்றி எழுதினால் உண்டு. நான் பத்திரத்தைத் திருத்தும் வரை என் டி.எஸ்.3231 கெர்னலின் கண்ணில் படாமல் இருந்ததும் இதனால்தான். அது உட்கார்ந்திருந்த பஸ் பத்திரத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. கெர்னல் அதைப் பற்றிக் குறை சொல்லவும் இல்லை. இல்லாத ஒன்றைக் காணவில்லை என்று யார் முறையிடுவார்? பத்திரம் சொல்லாமல் விட்டதை ஒருவரும் தவறவிட்டதாகவே உணர்வதில்லை. இந்த வேலையில் என்னை மிகவும் கலங்க வைத்தது இதுதான். தவறாக எழுதப்பட்டதைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. எழுதாமல் விடப்பட்டது தன்னைக் காட்டிக்கொள்வதே இல்லை.

எந்த மடை என்று தேடினேன். கெர்னல் ஓடும்போதே உள்ளே உள்ள எல்லாக் கடிகாரங்களின் பட்டியலையும் ஒரு கோப்பாகப் படிக்கலாம். பெயர், வேகம், எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்ற எண் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். திறந்திருந்தும் கேட்போர் எண் பூஜ்யமாக இருப்பவை எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. அந்தப் பட்டியல் நீளமானது. அடுத்த வழி, ஒவ்வொரு கடிகாரத்தையும் நிறுத்துவதற்கு முன் அதன் பெயரை எழுதும்படி கெர்னலைத் திருத்துவது. கடைசியாக வரும் பெயர்தான் குற்றவாளி என்று எளிதாக நினைக்கத் தோன்றும். ஆனால் எழுத்துகள் கம்பிக்கு வருவதற்கு முன் ஒரு சிறு தேக்கத்தில் நிற்கின்றன. உறைந்த கணத்தில் தேக்கத்தில் இருந்தவை வெளியே வருவதில்லை. நாம் காணும் கடைசிப் பெயருக்குப் பிறகும் சில பெயர்கள் போயிருக்கலாம். அதைத் தவிர்க்க, ஒவ்வொரு பெயரும் முழுதாக வெளியேறும் வரை பொறுத்திருக்கச் செய்தேன். பொறுக்கச் செய்ததும் உறைவது குறைந்தது. சில சமயம் பலகை முழுதாக எழுந்தே விட்டது. பார்க்க முனைந்ததும் பிழை ஒளிந்துகொண்டது. தாமதத்தால் ஒரு பிழை மறைகிறது என்றால் அதில் நேரமும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். யாரோ ஒருவர் எப்போதாவது ஒருமுறை அந்த மடையைத் தொடுகிறார், தொடும் நேரமும் அடைக்கும் நேரமும் மோதினால்தான் உறைகிறது. அந்த யாரோ கெர்னலுக்குள்ளேயே இல்லாமலும் இருக்கலாம். இத்தகைய சில்லுகள் பலவற்றில் கெர்னலுக்கு மேலான அதிகாரத்தோடு பாதுகாப்பு ஃபர்ம்வேர் ஒன்று எப்போதும் உள்ளே இருக்கிறது. அதற்கு என்ன துடிப்பு தேவை என்று அது கெர்னலிடம் கேட்பதில்லை. அதன் தேவை எந்தப் பத்திரத்திலும் இல்லை. இப்போது சந்தேகம் ஒரு கைப்பிடிப் பெயர்களில் வந்து நிற்கிறது. அவற்றை மட்டும் திறந்து வைத்தால் பலகை எழுகிறது. அதில் எது என்பதும், யாருக்காக என்பதும் மிச்சம்.

இத்தகைய தேடலுக்கு லினக்ஸ் உலகம் கண்டுபிடித்த அருமையான கருவி ஒன்று உண்டு. கிட் என்ற வரலாற்றுக் கிடங்கில், சரியாக ஓடிய ஒரு பதிப்பையும் ஓடாத ஒரு பதிப்பையும் காட்டினால், இரண்டுக்கும் நடுவில் உள்ள மாற்றத்தை எடுத்துத் தரும். அதைத் தொகுத்துப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொன்னால், பாதியை ஒதுக்கி மீதிக்குள் நடுவை எடுக்கும். ஒரு கெர்னல் வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருந்தாலும், ஏறத்தாழ பதினான்கு படிகளில் ஒரே ஒரு மாற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். அந்த மாற்றத்தைத் திறந்தால் அதை எழுதியவர் காரணத்தை எழுதியிருப்பார். என்ன சிக்கல், யாருக்கு வந்தது, ஏன் இந்த வழி. காரணம் எழுதாத திருத்தத்தைக் கெர்னல் பராமரிப்பாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை. எந்தப் பழைய மாற்றத்தின் பிழையைத் தீர்க்கிறது என்று அதன் அடையாளத்தின் முதல் பன்னிரண்டு எழுத்துகளோடு குறிக்கச் சொல்கிறார்கள். 2004 முதல் ஒவ்வொருவரும் தன் பெயரோடு ஒப்பமும் இட வேண்டும். உலகெங்கும் ஒருவரை ஒருவர் காணாத ஆயிரக்கணக்கானோர் ஒரே நிரலை எழுத முடிவது இந்தக் காரணக் கிடங்கால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் என் பலகையின் ‘ஓடிய பதிப்பு’ இந்த வரலாற்றுக்குள்ளேயே இல்லை. அது பலகையோடு வந்த பழைய கெர்னல். அதன் நிரல் மூலம் ஒரே சுருக்கக் கோப்பாகக் கிடைத்தது, பல்லாயிரம் மாற்றங்கள் ஒரே கட்டியாக. முந்தைய நாள் என்ன இருந்தது, ஏன் மாறியது என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. அதில் இதே கடிகாரங்கள் சிலவற்றை நிரந்தரமாகத் திறந்து வைத்திருந்தார்கள், குறிப்பு ஏதும் இன்றி. செய்தவருக்குக் காரணம் தெரிந்திருக்கும், அந்தக் காரணம் அவரோடு போய்விட்டது. 1992இல் லினக்ஸ் ஏற்ற ஜி.பி.எல். உரிமம், நிரலைத் தரும்போது மூலத்தையும் தரச் சொல்கிறது. அந்த உரிமம் மட்டும் இல்லையென்றால் அந்தக் கட்டிகூட என் கைக்கு வந்திருக்காது, அதற்கு நான் நன்றிக்கடன்பட்டவன். ஆனால் மூலத்தைத் தரச் சொல்லும் சட்டம் காரணத்தைத் தரச் சொல்வதில்லை. காரணத்தைத் தருவது ஒரு பண்பாடு. பண்பாட்டை எந்த உரிமத்தாலும் கட்டாயப்படுத்த முடியாது.

இதை எல்லாம் மீனாட்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு யோசிப்பதால் மனம் வேறொரு பக்கம் இழுக்கப்படுகிறது. இந்தச் சித்தூர் வட்டம் ஒரு காலத்தில், சென்னை மாகாணத்தின் மலபார், கோயமுத்தூர் மாவட்டங்களுக்கு நடுவே கொச்சி சமஸ்தானத்தின் தனித் துண்டாக இருந்தது. 1956 நவம்பர் 1இல் கேரளம் உருவானபோது பாலக்காட்டோடு ஒரே மாநிலத்துக்குள் வந்தது. கோடு நகர்ந்தது, வீடுகள் அப்படியே இருந்தன. வீட்டுக்குள் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் பேசி வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. இங்கிருந்து தெற்கே இடுக்கியின் மலைகளில், மூணாறிலும் பீர்மேட்டிலும் தேயிலைத் தோட்ட லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்த் தலித் குடும்பங்கள் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், 1950க்கு முன் முன்னோர் கேரளத்தில் குடியிருந்ததற்கான ஆவணம் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. லயம் தோட்டத்தின் சொத்து. அதில் குடியிருந்தவர் பெயரில் நிலப் பத்திரம் எப்படி வரும்? மூன்று தலைமுறை பறித்த கொழுந்து இருக்கிறது, காகிதம் இல்லை. காகிதம் இல்லாததால் பிள்ளையின் படிப்புக்கான உரிமை ஒரு மேசையில் அடைபட்டு நிற்கிறது. பத்திரத்தில் ‘ஓகே’ என்று எழுதப்படாத சில்லின் நினைவு எனக்கு இங்கே வருவதைத் தடுக்க முடியவில்லை. தடுக்க வேண்டும் என்றும் உடனே தோன்றுகிறது. ஒரு கடிகார வாயிலையும் ஒரு தாயின் மனுவையும் ஒரே வாக்கியத்தில் வைப்பது சரியா? கெர்னலுக்குத் தீமையும் தெரியாது, பாராமுகமும் தெரியாது. கையில் தந்ததை ஒரு எழுத்து பிசகாமல் படிக்கிறது. மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கோ கண் உண்டு, எதிரே நிற்பவரைப் பார்க்க முடியும். பார்த்தபின்னும் பத்திரத்தை மட்டுமே படிக்கத் தீர்மானிப்பது வேறு வகைச் செயல். எனவே ஒப்புமையை அந்த அளவில் நிறுத்திக்கொள்கிறேன். இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். யாரும் கேட்கவில்லை என்பதும் யாருக்கும் தேவையில்லை என்பதும் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றன. கேட்கத் தெரியாதவர், கேட்கும் வழி இல்லாதவர், தனக்காக வேறொருவர் எழுதுவார் என்று நம்பியிருந்தவர் எல்லோரும் அந்தச் சமன்பாட்டில் பூஜ்யமாகிறார்கள்.

பெரியவரின் கேள்விக்குத் திரும்புகிறேன், அதில் உள்ள உண்மையைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காக. காரணம் தெரியாமல் ஓடுபவை நம்மைச் சுற்றி ஏராளம். அவரே கால்வாய் ஓடினால் கிணறு ஏறுவதை மண்ணுக்கடியில் இறங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அல்ல. பார்த்துப் பார்த்து, ஆண்டாண்டாக மனத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்த அறிவை வைத்துத்தான் எந்த வாரம் மோட்டார் போடலாம், எந்த வாரம் போடக் கூடாது என்று முடிவு செய்கிறார், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. காரணம் அறியாத அறிவு தாழ்ந்தது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அப்படி நினைக்கவும் இல்லை. ஆனால் அவருடைய அறிவுக்கு ஒரு காவல் இருக்கிறது. அவர் தினமும் கிணற்றை எட்டிப் பார்க்கிறார். ஒரு வருஷம் கால்வாய் ஓடியும் கிணறு ஏறாவிட்டால் முதலில் தெரிந்துகொள்பவர் அவர்தான். நான் சேர்த்த சொல்லுக்கு அந்தக் காவல் இல்லை. அது ஒரு கோப்பின் கடைசியில் கிடக்கிறது. நாளை கெர்னலைப் புதுப்பிக்கும் ஒருவர், இது எதற்கு என்று நினைத்து எடுத்துவிடலாம். அல்லது எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த பலகைக்கும் படியெடுக்கலாம். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும் என்பது அச்சம் தருகிறது. இப்படிப் பரவிய சொற்கள் கட்டளை வரிகளில் நிறையக் கிடக்கின்றன, ஏன் என்று யாரும் சொல்ல முடியாத நிலையில். செலவும் இருக்கிறது. பலகை சூரிய மின்பலகையும் பேட்டரியும் கொண்டு ஓடுகிறது. கேட்பாரற்ற மடைகள் அத்தனையும் இரவெல்லாம் திறந்தே கிடக்கின்றன. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் வெயில் காணாத நாட்கள் தொடரும்போது அந்தச் சிறு கசிவும் கணக்கில் வரும். ஒரே ஒரு மடையை அறியாததற்காக எல்லா மடைகளையும் திறந்து வைத்திருக்கிறேன். அறியாமையின் விலை எப்போதும் இப்படித்தான் வருகிறது, தேவைக்கு மேலான அளவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

இந்த ஊரில் இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருக்க, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கியது. அந்த விதை கேரளப் பள்ளிகளில் ஊன்றியது. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமாகத் தொடங்கி இப்போது கைட் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, பள்ளிக் கணினிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் வழங்கலை வைத்திருக்கிறது. 2015இல் பள்ளி மாணவர்களுக்கு ராஸ்பெரி பை பலகைகளும் கொடுத்தார்கள். ஐ.சி.டி. பாடநூல் தமிழிலும் கன்னடத்திலும்கூட அச்சாகிறது. எனவே எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் ஒரு குழந்தை, தன் மொழியில் பாடம் படித்து, லினக்ஸில் கைவைத்து வளர முடிகிறது. இது எளிதில் கிடைத்த பேறு அல்ல. எத்தனையோ ஆசிரியர்கள் இதற்காக உழைத்திருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களில், நிரல் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் சுதந்திரமும் ஒன்று. அந்தச் சுதந்திரம் கோப்பைத் திறப்பதோடு நிறைவடைவதில்லை என்பதைத்தான் இந்தப் பலகை எனக்குச் சொல்கிறது. திறந்த கோப்பில் காரணம் எழுதப்பட்டிருந்தால்தான் ஆராய்ச்சி தொடங்க முடியும். எழுதப்படாவிட்டால், ஒவ்வொரு தலைமுறையும் அதே இருட்டில் அதே சுவரில் முட்டும். நாளை இந்தப் பலகையைப் பிரித்துப் பார்க்கப்போகிற ஒரு மாணவிக்கு நான் தர வேண்டியது ஓடும் பலகை மட்டும் அல்ல. அது எதனால் ஓடுகிறது, எந்த இடத்துக்கு மேல் எனக்குத் தெரியாது என்ற இரண்டையும் தர வேண்டும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றுக்கும் ஒரே பலன்தான் வெளியே தெரியும்: பலகை எழும். முதலாவது நான் செய்தது, எல்லா மடையையும் திறந்து வைத்தல். இரண்டாவது, சந்தேகத்துக்குரிய கடிகாரத்தை மட்டும் ‘கிரிட்டிக்கல்’ என்று குறித்து, ஒருபோதும் நிறுத்தாதே என்று சொல்வது. இது சிக்கனமானது, பல நல்ல நிரலாளர்கள் இதைச் செய்கிறார்கள், சில இடங்களில் இதைத் தவிர வேறு வழியும் கிடையாது. ஆனாலும் இதில் யாருக்காக என்பது இன்னும் சொல்லப்படவில்லை. மூன்றாவது, அந்தத் துடிப்பை நம்பியிருக்கும் பகுதியைக் கண்டுபிடித்து, டிவைஸ் ட்ரீயில் அதன் பெயருக்கு நேரே இன்ன கடிகாரம் இதற்கு வேண்டும் என்று எழுதுவது. அப்போது கெர்னல் வழக்கம்போலத் தன் சுற்று வரலாம், எதை வேண்டுமானாலும் அடைக்கலாம், இதை மட்டும் அடைக்காது. ஏனென்றால் கேட்பவர் ஒருவர் பெயரோடு இருக்கிறார். சரிசெய்தல் என்ற சொல்லுக்கு உரியது இந்த மூன்றாவது மட்டுமே என்று நான் முடிவாக நம்புகிறேன். முதல் இரண்டும் கருணை. கருணையால் ஓடுவது கருணை உள்ளவர் இருக்கும் வரைதான் ஓடும். மூன்றாவது உரிமை. அதற்கு எழுதியவர் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. என்னால் இன்னும் மூன்றாவது வழிக்குப் போக முடியவில்லை. அதனால் அந்தக் கட்டளை வரியின் மேலே, இந்தச் சொல் எதற்காகச் சேர்க்கப்பட்டது, எந்தெந்தக் கடிகாரங்கள் மேல் சந்தேகம், எந்தச் சோதனை எதைக் காட்டியது, தாமதம் கூட்டினால் பிழை ஏன் மறையக்கூடும் என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கெர்னல் அந்தக் குறிப்பைப் படிக்காது, அது மனிதருக்கானது. பெரியவரிடமும் சொன்னேன்: ஓடுகிறது உண்மைதான், ஆனால் ஏன் ஓடுகிறது என்று எழுதாதவரை இந்தப் பலகை என்னுடையதாகவே இருக்கும், உங்களுடையதாக ஆகாது. எழுதி முடித்தால் யார் கையிலும் அது ஓடும். “அப்ப எழுதீரு தம்பி” என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.